நமக்குள் இருக்கும் பழைய எழுத்துப் பிழைகள்: கெடுதலா, நன்மையா?

கொரோனா பரவிய முதல் ஆண்டில் மருத்துவர்களைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உடல்நிலை. இரண்டு பேருக்கும் தொற்று வருகிறது. ஒருவர் நான்கு நாள் காய்ச்சலோடு எழுந்து நடமாடுகிறார். இன்னொருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. ஏன்? வயது, சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாம் இந்த வேறுபாட்டில் ஒரு பங்கைத்தான் விளக்கின. மிச்சத்தைத் தேடி ஆயிரக்கணக்கான நோயாளிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது குரோமோசோமில் ஒரு துண்டு கண்ணில் பட்டது. அது இருப்பவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை 2020 செப்டம்பரில் மரபியலாளர்கள் ஹியூகோ ஸெபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 50,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள அந்தப் பகுதி, குரோவேஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த, நியாண்டர்தால் என்ற மறைந்துபோன மனித இனத்துப் பெண்ணின் டி.என்.ஏ.வோடு நெருக்கமாகப் பொருந்தியது. அவள் வாழ்ந்து சுமார் 50,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய நம் முன்னோர்கள் நியாண்டர்தால்களோடு கலந்தபோது இந்தத் துண்டும் கூடவே வந்துவிட்டது. இன்று தெற்காசியாவில் சுமார் பாதிப் பேரிடமும், ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடமும் இது இருக்கிறது. கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அநேகமாக இல்லை.

செய்தி இதோடு முடிந்திருந்தால் "நியாண்டர்தால் விட்டுச்சென்ற சாபம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அன்று பல தலைப்புச் செய்திகளும் அந்தத் தொனியில்தான் வந்தன. ஆனால் 2022-இல் ஸெபெர்க் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். அதே துண்டு இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு. எச்.ஐ.வி. உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற ஏற்பியின் மரபணு பக்கத்திலேயேதான் இருக்கிறது. இந்தத் துண்டு உள்ளவர்களின் வெள்ளையணுக்களில் அந்த ஏற்பி குறைவு. ஆக, ஒரே துண்டு ஒரு வைரஸுக்கு வழி விடுகிறது, இன்னொன்றுக்குக் கதவைப் பாதி சாத்துகிறது. இரண்டு வைரஸுமே அது மனிதருக்குள் வந்து பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து முளைத்தவை. அப்படியானால் இடைப்பட்ட காலம் முழுக்க இத்தனை கோடிப் பேரிடம் அது ஏன் தங்கியிருந்தது? வேறு ஏதோ ஒரு பழைய நோயிலிருந்து காத்திருக்கலாம் என்பது ஸெபெர்க்கின் ஊகம்.

"இந்த மரபணுப் பிறழ்வு நல்லதா, கெட்டதா?" என்று யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லாமல் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில்? எந்தக் காலத்தில்? எத்தனை பிரதி? எந்த வயதில்? இந்த நான்கும் தெரியாமல் ஒரு பிறழ்வுக்கு நல்லது, கெட்டது என்று பட்டம் கட்டவே முடியாது.

சரி, பிறழ்வு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். பாடப்புத்தகங்கள் இதைச் சடுதி மாற்றம் என்றும் சொல்லும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று நம்மிடம் மரபணுத் தொகுதியின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 300 கோடி எழுத்து நீளம். செல் பிரியும்போதெல்லாம் இவ்வளவையும் படியெடுக்க வேண்டும். பிழை திருத்தும் ஏற்பாடு வியக்கத்தக்க அளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் சில தப்பிவிடும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத 60 முதல் 70 புதிய பிறழ்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தந்தை வழியே வருபவை. விந்தணுக்களுக்கான செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருப்பதால், தந்தைக்கு வயது கூடக்கூட ஆண்டுக்கு ஒன்றிரண்டு வீதம் இந்த எண்ணிக்கையும் கூடுகிறது.

நம்மில் யாரும் பிறழ்வு இல்லாதவர் கிடையாது. 'மியூட்டன்ட்' என்ற சொல் திரைப்படங்களில் வேற்றுப் பிறவிகளைக் குறிக்கலாம். உண்மையில் அது நம் எல்லோரையும் குறிக்கும் சொல்.

இந்த 60, 70 பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை எதுவுமே செய்வதில்லை. புரதம் தயாரிப்பதற்கான கட்டளைகள் மரபணுத் தொகுதியில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு வெளியே விழும் பிழைகளில் பல யார் கண்ணிலும் படாமல் கடந்துபோய்விடும். மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பகுதி நன்மையும் இல்லாத தீமையும் இல்லாத நடுநிலை மாற்றங்கள்தான் என்று ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா 1968-இல் சொன்னார். முதலில் கடும் எதிர்ப்பு வந்தது. இன்று அது இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. மிச்சமிருக்கும் சிறுபான்மையில் தீங்கானவை அதிகம், நன்மை தருபவை வெகு சில. தீங்கு கடுமையாக இருந்தால் அதைச் சுமப்பவருக்குப் பிள்ளைகள் குறையும், சில தலைமுறைகளில் அந்தப் பிறழ்வும் மறைந்துவிடும். ஆகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய ஒரு பிறழ்வு, உயிரைக் கொல்லக்கூடியது என்று தெரிந்தும், இன்று லட்சக்கணக்கானோரிடம் இருந்தால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும்.

அப்படி விசாரித்ததில் மிகத் தெளிவாக விடை கிடைத்தது கதிர் அரிவாள் சோகையில்தான்.

1904 டிசம்பரில் சிகாகோவின் ஒரு மருத்துவமனையில், கிரனடா தீவிலிருந்து வந்த பல் மருத்துவ மாணவர் ஒருவர் இருமல், காய்ச்சலோடு சேர்ந்தார். வயது இருபது. அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பயிற்சி மருத்துவர், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் சில நீண்டு வளைந்து அரிவாள் போல இருப்பதைக் கண்டார். அவருடைய மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் இதைப் பதிவு செய்தார். படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பல் மருத்துவராகத் தொழில் செய்த அந்த இளைஞர் 32 வயதில் நுரையீரல் நோயால் இறந்துபோனார். அவருக்கு வந்தது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1949-இல் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று காட்டினார். சில ஆண்டுகள் கழித்து வெர்னான் இங்ராம் இன்னும் நெருங்கிப் போனார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்த நோயாளிகளிடம் வேலின் இருந்தது. டி.என்.ஏ. எழுத்துகளில் சொன்னால், 'ஏ' இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 'டி' இருக்கிறது. 300 கோடி எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து.

அந்த ஓர் எழுத்து என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். சிவப்பணு நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. அப்போது பிரச்சினை எதுவும் இல்லை. நுண்குழாய்களில் நுழைந்து ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் பிரச்சினை தொடங்குகிறது. குளுட்டாமிக் அமிலம் மின்னேற்றம் உள்ளது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலின் தண்ணீரை விட்டு ஒதுங்கும் குணம் கொண்டது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினின் உருவம் சற்று மாறும்போது, இந்த வேலின் பக்கத்து மூலக்கூறில் இருக்கும் ஒரு குழிக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. அதோடு இன்னொன்று, அதோடு மற்றொன்று. நொடிகளில் அணுவுக்குள் நீண்ட இழைகள் கோத்துக்கொண்டு, பையில் குச்சிகளைத் திணித்தது போல அணுவை உள்ளிருந்து தள்ளுகின்றன. நலமான சிவப்பணு தன்னைவிடக் குறுகலான குழாயிலும் மடங்கி நெளிந்து போய்விடும். இதனால் முடியாது. விறைத்துப்போய் நின்றுவிடும், பின்னால் வருபவையும் தேங்கும். அந்த இடத்துத் திசுவுக்கு இரத்தம் கிடைக்காமல் போகும்போது வரும் வலி, மருத்துவத்தில் தெரிந்த மிகக் கொடிய வலிகளில் ஒன்று. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும். சோகை அதனால்தான்.

இவ்வளவு துன்பம் தரும் பிழை எப்படிப் பிழைத்திருந்தது? கென்யாவில் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஆண்டனி ஆலிசன் 1949-இல் கென்யாவுக்குப் போய்ப் பல சமூகங்களின் இரத்தத்தைச் சோதித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப் பக்கமும் இந்தப் பிறழ்வின் ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் 20 சதவீதத்துக்கும் மேல் இருந்தார்கள். உயரமான மேட்டுநிலங்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. கொசு எங்கே உண்டோ, மலேரியா எங்கே உண்டோ, அங்கேதான் இந்தப் பிறழ்வும் இருந்தது. 1954-இல் அவர் முடிவுகளை வெளியிட்டார்.

இரண்டு பிரதியும் பிழையாக இருந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் பிழையாக இருப்பவர் அநேகமாக நலமாகவே இருப்பார். அதோடு, கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்குச் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா ஒட்டுண்ணி அவருடைய சிவப்பணுவுக்குள் புகுந்தால், அந்த அணு எளிதில் வளைந்துவிடுகிறது. மண்ணீரல் அதை ஒட்டுண்ணியோடு சேர்த்தே அகற்றிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த நிலையில் அந்த அணுக்களுக்குள் ஒட்டுண்ணி சரியாக வளர்வதும் இல்லை.

ஒரு பிரதி சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிழைப் பிரதிகள் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு பிரதி வரும் வாய்ப்பு நான்கில் இரண்டு. மலேரியா நிறைந்த ஊரில் அந்த நடுவில் இருக்கும் குழந்தைகள்தான் அதிகம் பிழைத்தார்கள். இதைக் கணக்காகப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கின் ஒரு மூலையில், ஒவ்வொரு தலைமுறையிலும், வலியில் துடித்த குழந்தைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயற்கைத் தேர்வு சராசரியை மட்டுமே பார்க்கும். தனி மனிதரின் துன்பம் அதன் கணக்கில் வருவதில்லை.

2018-இல் டேனியல் ஷ்ரைனர், சார்ல்ஸ் ரொட்டிமி இருவரும் இந்தப் பிறழ்வைச் சுற்றியிருக்கும் டி.என்.ஏ.வை அலசி, இது சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு மனிதரிடம் தோன்றியிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். சஹாரா பசுமையாக இருந்த காலம் அது. அடிமை வணிகம் அந்த மனிதரின் வழிவந்தவர்களை அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனது. இன்று அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளில் 13 பேரில் ஒருவர் இந்தப் பிறழ்வின் ஒரு பிரதியோடு பிறக்கிறார். அங்கே மலேரியா இல்லை. நன்மை போய்விட்டது, விலை மட்டும் நின்றுவிட்டது.

மலேரியா நம் மரபணுக்களில் விட்ட தடயம் இது ஒன்று மட்டும் அல்ல. தாலசீமியா, சிவப்பணுவின் மேல் டஃபி என்ற ஏற்பி இல்லாத இரத்த வகை, ஜி6பி.டி. குறைபாடு என்று வரிசை நீளும். கடைசியாகச் சொன்னது உலகில் சுமார் 40 கோடிப் பேரிடம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. ஜி6பி.டி. சிவப்பணுவை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காக்கும் நொதி. அது குறைந்தால் அணு சற்றுப் பலவீனமாகும், மலேரியா ஒட்டுண்ணிக்கும் அங்கே வாழ்வது கடினமாகும். வழக்கமான வாழ்க்கையில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் பிரைமகுயின் மாத்திரையைக் கொடுத்தால் சிலருக்குச் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கறுத்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். காரணம் இந்த நொதிதான் என்பது 1956-இல் தெரிந்தது. பிரைமகுயின் எதற்கான மருந்து தெரியுமா? மலேரியாவுக்கானது. மலேரியாவிலிருந்து காத்த பிறழ்வே, மலேரியா மருந்தைச் சாப்பிடும்போது ஆபத்தாகிறது. சூழல் என்றால் காடும் கொசுவும் மட்டுமல்ல. நாம் கண்டுபிடித்த மாத்திரையும் சூழல்தான். அந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன் இந்த நொதியைச் சோதிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இரவல் வாங்கிய பிறழ்வுகளின் கதை இன்னும் சுவையானது. ரஷ்யாவின் அல்தாய் மலையில் இருக்கும் டெனிசோவா குகையில் 2008-இல் ஒரு சிறு விரல் எலும்புத் துண்டு கிடைத்தது. அதன் டி.என்.ஏ.வை 2010-இல் படித்தபோது, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மனித இனம் வெளிப்பட்டது. டெனிசோவன் என்று பெயர் வைத்தார்கள். அதே 2010-இல் வேறொரு குழு திபெத்தியர்களின் மரபணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. 4,000 மீட்டர் உயரத்தில், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் ஆக்சிஜன் சுமார் 40 சதவீதம் குறைவு. சமவெளியிலிருந்து அங்கே போய்த் தங்குபவரின் உடல் சிவப்பணுக்களை மேலும் மேலும் தயாரிக்கும். கேட்க நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் இரத்தம் கெட்டியாகி, இதயத்துக்குச் சுமை கூடி, மலை நோய் முற்றும். கருவுற்ற பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். திபெத்தியர்களுக்கு அப்படி ஆவதில்லை. ஈ.பி.ஏ.எஸ்.1 என்ற மரபணுவின் ஒரு தனி வடிவம், சிவப்பணு உற்பத்தி எல்லை மீறாமல் பிடித்து வைக்கிறது. அந்தப் பகுதியில் இருக்கும் ஒரு மாற்றம் திபெத்தியரிடம் 87 சதவீதமும், நெருங்கிய உறவினரான ஹான் சீனரிடம் 9 சதவீதமும் காணப்பட்டது.

2014-இல்தான் இரண்டு கதைகளும் சந்தித்தன. திபெத்தியரின் அந்த வடிவம் டெனிசோவன்களிடமிருந்து வந்தது. முற்றிலும் மறைந்துபோன ஓர் இனத்தின் சிறு துண்டு, இன்று உலகின் கூரையில் மனிதர்கள் மூச்சுவிட உதவுகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குள் எழுந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

நியாண்டர்தால் கணக்கிலும் கொரோனாத் துண்டு மட்டும் இல்லை. கரு தங்க உதவும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனுக்கான ஏற்பியின் நியாண்டர்தால் வடிவம் ஐரோப்பியப் பெண்களில் மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. முன்பு அதைக் குறைப்பிரசவத்தோடு தொடர்புபடுத்திப் பேசினார்கள். 2020-இல் பெரிய அளவில் பார்த்தபோது, அது இருக்கும் பெண்களுக்குக் கருச்சிதைவும், கருவுற்ற தொடக்கத்தில் இரத்தப்போக்கும் குறைவு என்று தெரிந்தது. இல்லாவிட்டால் சிதைந்திருக்கும் கருக்கள் தங்கிப் பிறப்பதால், குறைப்பிரசவங்களின் எண்ணிக்கையும் கூடித் தெரிந்திருக்கலாம் என்கிறார்கள். "குறைப்பிரசவ மரபணு" என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்!

இப்போது வயது. இயற்கைத் தேர்வுக்கு ஒரு குருட்டுப் பகுதி உண்டு. பிள்ளை பெற்று வளர்த்து முடித்த பிறகு வரும் நோய் அதன் கண்ணில் அநேகமாகப் படாது. 2009-இல், ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு பிறழ்வைப் பற்றி எழுதினார்கள். அது தெற்காசிய மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று கணித்தார்கள். இளமையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. நடுவயதுக்குப் பிறகு இதயம் பலவீனமாகும் வாய்ப்பு கூடுகிறது. அதற்குள் அந்தப் பிறழ்வு அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டிருக்கும். இதைச் சுமக்கும் எல்லோருக்கும் இதயநோய் வருவதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூடவே வேறொரு மாற்றமும் இருக்கும் சிலருக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது. இதில் நன்மை என்று எதுவும் இதுவரை தெரியவில்லை. எல்லாப் பழைய பிறழ்வுக்கும் ஒரு மறைவான நன்மை இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில வெறுமனே தப்பித்து வந்தவை.

அல்சைமர் நோயோடு சேர்த்துப் பேசப்படும், ஏ.பி.ஓ.ஈ. என்ற மரபணுவின் 4 என்ற வடிவம் வேறு விதம். அதை "பிழை" என்று சொல்வதே சரியில்லை. மனிதரிடம் முதலில் இருந்ததே அதுதான். இன்று பெரும்பாலானோரிடம் இருக்கும் 3 என்ற வடிவம்தான் பின்னால் வந்த பிறழ்வு. இரண்டு பிரதியும் 4 ஆக இருந்தால் முதுமையில் அல்சைமர் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் 2017-இல் வெளியான ஆய்வு, ஒட்டுண்ணித் தொற்று அதிகம் உள்ளவர்களில் 4 வடிவம் இருந்தவர்களுக்கே முதுமையில் சிந்தனைத் திறன் நன்றாக இருந்ததைக் காட்டியது. ஒட்டுண்ணி இல்லாத சுத்தமான ஊரில் கெடுப்பது, ஒட்டுண்ணி நிறைந்த காட்டில் காக்கிறது.

அப்புறம், மரபணு கெட்டுப்போவது இழப்பாகவே தெரியாத, சில சமயம் நன்மையாகவே ஆகிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது. அதற்கான மரபணு சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் குரங்கு முன்னோரிடம் பழுதாகிவிட்டது. பழம் தின்று வாழ்ந்தவர்களுக்கு அது ஓர் இழப்பாகவே தெரியவில்லை. மாதக்கணக்கில் கடலில் பழமில்லாமல் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கிப் பல் விழுந்தபோதுதான் அந்தப் பழைய இழப்பின் விலை தெரிந்தது.

பழுதான மரபணுவால் கிடைத்த மிகப் பெரிய மருத்துவப் பயன் என்று நான் கருதுவது பி.சி.எஸ்.கே.9. இந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் கெட்ட கொழுப்பு ஏறும் என்று 2003-இல் பிரான்சில் கண்டார்கள். அப்படியானால் அது வேலையே செய்யாமல் போனால்? டல்லஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் தேடிப் பார்த்தார்கள். ஒரு பிரதி பழுதான கறுப்பினத்தவரிடம் எல்.டி.எல். எனப்படும் அந்தக் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவு, இதயநோய் 88 சதவீதம் குறைவு என்று 2006-இல் வெளியிட்டார்கள். இரண்டு பிரதியும் பழுதான 32 வயதுப் பெண் ஒருவரும் கிடைத்தார். அவருடைய எல்.டி.எல். அளவு வெறும் 14. நூறுக்குக் கீழே கொண்டுவருவதற்கே பலர் மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. அவரோ பூரண நலத்தோடு இருந்தார். அந்தப் பழுதை மருந்தால் போலி செய்ய முடியுமா என்று பல நிறுவனங்கள் இறங்கின. 2015-இல் ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது.

இதே நம்பிக்கையை சி.சி.ஆர்.5 மேல் வைத்தபோது நடந்தது வேறு. இந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவம் ஐரோப்பியரிடம் பரவலாக உண்டு. இரண்டு பிரதியும் அப்படி இருந்தால் எச்.ஐ.வி. அநேகமாகத் தொற்றாது என்பது 1996-இல் தெரிந்தது. அப்படிப்பட்ட ஒருவர் கொடுத்த ஸ்டெம் செல்களைக் கொண்டுதான், 2007-இல் பெர்லினில் திமோத்தி ரே பிரவுன் முதன்முதலில் எச்.ஐ.வி.யிலிருந்து விடுபட்டார். ஆனால் இதே பிறழ்வு உள்ளவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் நோய் கடுமையாக வெளிப்படும் வாய்ப்பு அதிகம் என்று 2006-லேயே காட்டியிருந்தார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு, 2018-இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் இரட்டைப் பெண் குழந்தைகளின் கருவிலேயே இந்த மரபணுவை வெட்டிவிட்டதாக அறிவித்தார். அவர் செய்த மாற்றம் இயற்கையில் இருக்கும் அந்த 32 எழுத்து விடுபாடும் அல்ல. வேறு புதுப் பிழைகள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க எளிய வழிகள் இருக்கும்போது, கேட்டு ஒப்புதல் பெற முடியாத இரண்டு உயிர்கள் மேல் இதைச் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

2019-இல், அந்த 32 எழுத்து விடுபட்ட பிறழ்வின் இரண்டு பிரதி உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள், ஆபத்து 21 சதவீதம் அதிகம் என்று ஓர் ஆய்வு பரபரப்பாக வந்தது. சில மாதங்களில் தரவில் பிழை இருப்பது தெரிந்து ஆய்வாளர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திரும்பப் பெற்றது நேர்மை. ஆனால் முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது செய்தியைப் படித்திருப்பார்கள்? அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இந்தப் பிறழ்வு ஐரோப்பாவில் ஏன் பரவியது என்பதற்குப் பிளேக் என்றார்கள், பெரியம்மை என்றார்கள். எதுவும் உறுதியாகவில்லை. இந்தத் துறையில் "இதனால்தான் இது வந்தது" என்று சுவையாகச் சொல்லப்படும் கதைகளில், ஆலிசனின் மலேரியா அளவுக்குச் சான்று உள்ளவை குறைவு.

இன்று எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மரபணு அறிக்கை வீட்டுக்கே வந்துவிடுகிறது. சிவப்பு நிறத்தில் "ஆபத்து அதிகம்" என்று ஒரு வரி இருந்தால் மனம் பதறத்தான் செய்யும். அந்த வரியைப் படிக்கும்போது, ஆபத்து எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் கூடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் இரட்டிப்பானால் ஆயிரத்தில் இருவருக்கு வரும், அவ்வளவுதான். அப்புறம், அந்த எண் எந்த மக்களிடம் கணக்கிடப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பெரிய ஆய்வுகள் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தவை. வேறு மக்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. டஃபி ஏற்பி இல்லாத ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஒருவகை வெள்ளையணு இயல்பாகவே குறைவு. அது நோயல்ல. ஆனால் ஐரோப்பியருக்குப் போட்ட அளவுகோலால் அளந்து, நலமாக இருப்பவர்களுக்கும் குறைபாடு என்று எழுதி, சில மருந்துகளின் அளவைக் குறைத்த வழக்கம் வெகுகாலம் இருந்தது.

மீண்டும் அந்த அரிவாள் அணுவுக்கு வருகிறேன். 1948-இல் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், இந்த நோயோடு பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் முதல் சில மாதங்கள் அணுக்கள் அவ்வளவாக வளைவதில்லை என்று கவனித்தார். கருவில் இருக்கும்போது நாம் பயன்படுத்துவது வேறு ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் உடல் அதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான ஹீமோகுளோபினுக்கு மாறுகிறது. நோய் அதோடு தொடங்குகிறது. ஆனால் சிலரிடம் இன்னொரு பழைய பிறழ்வு உண்டு. அவர்கள் உடல் கரு ஹீமோகுளோபினை நிறுத்துவதே இல்லை. அந்தப் பிறழ்வும் அரிவாள் பிறழ்வும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் நோய் மிகவும் லேசாக இருக்கும். ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுகட்டிவிடுகிறது.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி என்ற சிகிச்சை இதைத்தான் போலி செய்கிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கரு ஹீமோகுளோபினை நிறுத்தும் விசையான பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டிக் கெடுத்து, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். அதற்கு முன் கடுமையான கீமோதெரபி கொடுத்து பழைய மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைய வேண்டும். செலவு மலைக்க வைக்கும். ஆப்பிரிக்காவில் இந்த நோயோடு பிறக்கும் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அது இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஓராண்டுக்கும் மேலாக அந்தக் கொடிய வலி இல்லாமல் இருந்தார்கள்.

சஹாரா பசுமையாக இருந்த காலத்தில் மாறிப்போன அந்த ஓர் எழுத்தை இந்தச் சிகிச்சை தொடுவதில்லை. அது அவர்களுடைய ஒவ்வொரு செல்லிலும் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தால் ஒரு பிரதி கட்டாயம் போய்ச் சேரும். புதிதாக வெட்டிய வெட்டு பிள்ளைகளுக்குப் போகாது.